கெர்னலில் முதல் இன்டரப்ட் ஹேண்ட்லர்: பதிவதிலிருந்து கழற்றுவது வரை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழிற்சாலைகள். எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது, எவ்வளவு கழிவுநீர் வெளியே போனது என்று ஒவ்வொரு இடத்திலும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைக் கொடுப்பது குழாயில் பொருத்திய மீட்டர். அதிலிருந்து வரும் ஒவ்வொரு பல்ஸையும் தவறாமல் எண்ணுவது ஒரு சின்ன லினக்ஸ் போர்டு. இப்படி ஒரு போர்டுக்கு டிரைவர் எழுதப் போய்த்தான் நான் இன்டரப்ட் ஹேண்ட்லர் கற்றுக்கொண்டேன், ரொம்பக் கஷ்டப்பட்டு. இன்டரப்ட் என்பது 'என்னைக் கவனி' என்று சாதனம் சிபியுவுக்குக் கொடுக்கும் சிக்னல். அது வந்ததும், லினக்ஸின் மையமான கெர்னல் ஓடவிடும் பங்ஷன்தான் ஹேண்ட்லர். காட்பாடி, வேலூர் கல்லூரிகளில் படிக்கும் தம்பி தங்கைகள் இப்போது இதே வேலைக்கு வருகிறார்கள். "அண்ணா, மாட்யூலை லோட் பண்ணதும் போர்டு அப்படியே நின்னுடுச்சு" என்று அடிக்கடி போன் வருகிறது. (மாட்யூல் என்றால், ஓடும் கெர்னலில் சேர்க்கவும் கழற்றவும் முடிகிற டிரைவர் துண்டு.) அவர்களுக்காகத்தான் இது.

ஹேண்ட்லருக்குள் எழுதுவது பெரும்பாலும் அஞ்சாறு வரிதான், கஷ்டம் அதில் இல்லை. எதற்குப் பிறகு எதைச் செய்வது என்ற வரிசையில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். எதை முதலில் தயார் செய்வது, எப்போது இன்டரப்டைப் பதிவது, போகும்போது எதை முதலில் நிறுத்துவது என்பதைக் கவனமாகப் படியுங்கள்.

பங்ஷன் பெயர்களை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். கோடில் அவற்றின் மூல எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில், இது தேவையா என்று பாருங்கள்

ஒய்எஃப்-எஸ்201 என்ற மலிவான தண்ணீர் சென்சரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால் விநாடிக்கு 225 பல்ஸ். இந்த வேகத்துக்கு கெர்னல் டிரைவரே வேண்டாம். லிப்ஜிபிஐஓடி என்ற லைப்ரரியை வைத்து, சாதாரண புரோகிராமிலேயே எண்ணிவிடலாம். அது போதாது என்றாலும், இன்டரப்டை எண்ணுவதற்கென்றே 'இன்டரப்ட்-சிஎன்டி' என்ற டிரைவர் கெர்னலின் கவுண்டர் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது.

நீங்களே எழுத வேண்டிய கட்டம் வேறு. சாதனத்துக்குள் ரெஜிஸ்டர் (அதன் நிலையையும் கட்டளையையும் வைக்கும் சின்ன நினைவிடம்) இருந்து, இன்டரப்ட் வந்த உடனே அதைப் படித்து அழிக்க வேண்டியிருந்தால் கெர்னலுக்குள் போகத்தான் வேண்டும். கற்றுக்கொள்வதற்காக எழுதுவதும் நல்ல காரணம்தான். ஆனால் வாடிக்கையாளர் காசு கொடுக்கும் வேலையில், ஏற்கெனவே இருக்கும் டிரைவரைப் பயன்படுத்துவதே நாணயம்.

2. செலவு

முதல் மாதத்துக்குச் செலவே இல்லை. க்யூஎமு என்ற இலவச எமுலேட்டரில் 'எடு' என்ற பிசிஐ சாதனம் இருக்கிறது. படிப்பதற்கென்றே செய்தது. அதன் 0x60 ரெஜிஸ்டரில் ஒரு எண்ணை எழுதினால் இன்டரப்ட் எழும். எழுந்தது எது என்று 0x24-இல் படிக்கலாம். 0x64-இல் எழுதினால் அடங்கும். ஒரு ஹேண்ட்லர் செய்ய வேண்டிய மொத்த வேலையும் இந்த மூன்று ரெஜிஸ்டருக்குள் வந்துவிடுகிறது. எத்தனை முறை கெர்னல் விழுந்தாலும் ஒரு ஜன்னலை மூடித் திறந்தால் சரி.

அதற்குப் பிறகு வாங்க வேண்டியவை: ஒரு ராஸ்பெரி பை, நல்ல பவர் சப்ளை, யுஎஸ்பி சீரியல் கேபிள், லெவல் கன்வர்ட்டர். பை விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். மற்ற சாமான் சில நூறு ரூபாய்க்குள் முடியும். வேலூரில் கிடைக்காததற்குச் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கிலோமீட்டர், ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு பொருளுக்காக ஓடாதீர்கள், பட்டியல் சேர்ந்த பிறகு ஒரே நடையாகப் போய் வாருங்கள்.

சீரியல் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹேண்ட்லரில் தவறு நேர்ந்தால் நெட்வொர்க்கும் திரையும் முதலில் செத்துவிடும், கெர்னலின் கடைசி வார்த்தை சீரியலில்தான் வரும். ஆனால் 3.3 வோல்ட் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். பையின் ஜிபிஐஓ கால்கள் (சிக்னல் வாங்கவும் அனுப்பவும் உள்ள பின்கள்) 5 வோல்ட் தாங்காது. சென்சரின் சிக்னல் கம்பிக்கும் இதே எச்சரிக்கைதான். 5 வோல்ட் கொடுத்து ஓட்டும் சென்சரை லெவல் கன்வர்ட்டர் இல்லாமல் நேராகப் பையில் சொருகக் கூடாது.

3. ஆவணங்கள்

மூன்று ஆவணம் கையில் இல்லாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

சாதனத்தின் டேட்டாஷீட் முதலாவது. அதில் மூன்று விஷயத்தைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: இன்டரப்டை அனுமதிக்கும் ரெஜிஸ்டர் எது, வந்த காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர் எது, அதை அழிப்பது எப்படி. அழிப்பதில் சாதனத்துக்குச் சாதனம் வித்தியாசம் உண்டு. சிலதில் படித்தாலே அழிந்துவிடும். சிலதில் அந்த பிட்டில் 1 எழுத வேண்டும், 0 எழுதினால் ஒன்றும் நடக்காது.

இரண்டாவது, போர்டின் சர்க்யூட் படம். எந்தக் கம்பி எந்தக் காலுக்குப் போகிறது என்று பென்சிலால் தொடர்ந்து பாருங்கள். பையில் ஜிபிஐஓ 17 என்பது 11-ஆவது பின். 17-ஆவது பின் 3.3 வோல்ட் சப்ளை. இங்கே எண் மாறிப்போய் நாள்கணக்கில் கோடில் பிழை தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கெர்னலோடு வரும் டாக்குமென்டேஷன் கோப்புறை. அதில் 'கோர்-ஏபிஐ' பிரிவின் ஜெனரிக் ஐஆர்க்யூ கட்டுரையும், 'கெர்னல்-ஹேக்கிங்' பிரிவின் லாக்கிங் கட்டுரையும் போதும். உங்கள் போர்டில் ஓடும் அதே பதிப்பின் பிரதியைப் படியுங்கள். பத்து வருடப் பழைய பாடத்தில் இருக்கும் கொடிகள் (ஃபிளாக், அதாவது பங்ஷனுக்குக் கொடுக்கும் விருப்பக் குறிகள்) சில இன்று கெர்னலிலேயே இல்லை.

4. சோதனைக் கெர்னல் கட்டுவது, அதற்கு ஆகும் நேரம்

மாட்யூலை மட்டும் கம்பைல் செய்ய, ஓடும் கெர்னலின் அதே பதிப்புக்கான ஹெடர் கோப்புகள் இருந்தால் போதும், சில விநாடி வேலை. ஆனாலும் முழுக் கெர்னலையும் ஒரு முறையாவது கட்டச் சொல்வேன். பிழையைக் காட்டிக்கொடுக்கும் வசதிகள் சாதாரணக் கெர்னலில் அணைந்தே கிடக்கும். கான்பிகில் நான்கை ஆன் செய்யுங்கள்: தூங்கக் கூடாத இடத்தில் தூங்கினால் (எதற்காவது காத்துச் சிபியுவை விட்டுக்கொடுத்தால்) கத்தும் 'டீபக் அட்டாமிக் ஸ்லீப்', லாக் வரிசையைக் கண்காணிக்கும் 'ப்ரூவ் லாக்கிங்', விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும் 'கேசன்', பகிர்ந்த இன்டரப்டைக் கழற்றும்போது வேண்டுமென்றே ஒரு பொய் இன்டரப்ட் எழுப்பும் 'டீபக் ஷர்க்யூ'.

பையிலேயே கட்டினால் மணிக்கணக்கில் ஆகும். வெயில் காலத்தில் வேலூரில் அந்த வேலை வேண்டாம், 40 டிகிரி தாண்டும் பகலில் போர்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நல்ல லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் (பையின் சிபியுவுக்கான கெர்னலை லேப்டாப்பிலேயே கட்டுவது) செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கரன்ட் போகும் நேரம் தெரிந்தால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கார்டும் போகலாம்.

5. இன்டரப்ட் எண்ணைக் கேட்டு வாங்குவது

டேட்டாஷீட்டில் 'இன்டரப்ட் 49' என்று இருப்பதைப் பார்த்து கோடில் 49 என்று எழுதிவிடாதீர்கள். லினக்ஸ் தனக்கென்று வேறு எண் வைத்துக்கொள்கிறது. அந்த எண் அடுத்த பூட்டில் மாறலாம். கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிளாட்பார்ம் டிரைவர் என்றால் 'பிளாட்பார்ம்_கெட்_ஐஆர்க்யூ', ஜிபிஐஓ கால் என்றால் 'ஜிபிஐஓடி_டு_ஐஆர்க்யூ', பிசிஐ என்றால் 'பிசிஐ_ஐஆர்க்யூ_வெக்டர்'.

திரும்பி வரும் எண்ணை சைன்ட் இன்டில் வையுங்கள். அன்சைன்டில் வைத்தால் மைனஸ் எண் பெரிய பிளஸ் எண்ணாகிவிடும், 'பூஜ்யத்துக்குக் கீழா' என்ற சோதனை ஒருநாளும் பிடிக்காது. வரும் மைனஸ் எண்ணை அப்படியே மேலே திருப்பி அனுப்புங்கள். மைனஸ் 517 வந்தால், நீங்கள் நம்பியிருக்கும் இன்னொரு டிரைவர் இன்னும் வரவில்லை, கெர்னல் பிறகு மறுபடி உங்களைக் கூப்பிடும் என்று பொருள். அதை மைனஸ் 22 என்று மாற்றி அனுப்பினால் மறுபடி கூப்பிடவே கூப்பிடாது. பூட் ஆகும்போது ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாத டிரைவர்களில் பல இந்த வகைதான்.

போர்டில் எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் காலின் எண்ணோடு அது எழும் விதமும் எழுத வேண்டும். 1 என்றால் ஏறும் விளிம்பு, 2 இறங்கும் விளிம்பு, 4 மேல் மட்டம், 8 கீழ் மட்டம். அங்கே எழுதிவிட்டால் கோடில் அதையே திரும்ப எழுத வேண்டாம். இரண்டு இடத்தில் இருந்தால் என்றாவது ஒன்று மாறி, மற்றது மாறாமல் நிற்கும்.

6. பதிவது: எல்லாம் தயாரான பிறகு

'ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ' ஐந்து தகவல் கேட்கும்: எண், ஹேண்ட்லர், கொடிகள், பெயர், கடைசியாக உங்கள் சாதனத்துக்கான பாயின்டர். இதை அழைத்து அது திரும்பி வருவதற்குள்ளேயே முதல் இன்டரப்ட் வந்துவிடலாம். கெர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர் சாதனத்தை ஆன் செய்துவிட்டுப் போயிருந்தால், நிச்சயம் வரும். அப்போது ஸ்பின்லாக் (ஒரே தகவலை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டு) தயாராகவில்லை, ரெஜிஸ்டர் மேப் ஆகவில்லை என்றால் கெர்னல் அங்கேயே விழும். லோட் பண்ணதும் நின்றுபோகும் போர்டுகளில் முக்கால்வாசிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

ஆகவே, சாதனம் கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் ப்ரோப் பங்ஷனில் வரிசை இப்படி இருக்கட்டும். நினைவகம் வாங்குங்கள். லாக், ஒர்க் (பிறகு ஓடுவதற்கு வரிசையில் போடும் வேலை) போன்றவற்றைத் தயார் செய்யுங்கள். ரெஜிஸ்டர்களை மேப் செய்யுங்கள். சாதனத்தில் எல்லா இன்டரப்டையும் அணைத்து, தேங்கிக் கிடக்கும் காரணங்களை அழியுங்கள். அதற்கு அப்புறம் பதியுங்கள். பதிவு வெற்றி என்று தெரிந்த பிறகே சாதனத்தில் இன்டரப்டை ஆன் செய்யுங்கள்.

மைனஸ் 16 வந்தால் அந்த எண்ணை வேறு யாரோ பகிராமல் வைத்திருக்கிறார்கள், அல்லது பகிர்வதில் உங்கள் கொடியும் அவர்கள் கொடியும் ஒத்துப்போகவில்லை.

7. ஹேண்ட்லருக்குள்

காரணத்தைப் படியுங்கள். உங்களுடையது இல்லையென்றால் 'ஐஆர்க்யூ_நன்' என்று சொல்லி உடனே வெளியேறுங்கள். உங்களுடையது என்றால் அழியுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள், 'ஐஆர்க்யூ_ஹேண்டில்ட்' என்று திரும்புங்கள். அவ்வளவுதான்.

அழிக்காமல் திரும்பக் கூடாது. மட்டத்தில் எழும் இன்டரப்டாக இருந்தால், நீங்கள் வெளியே வந்த அடுத்த கணம் அதுவே மறுபடி உள்ளே இழுக்கும். ஒரு சிபியு முழுக்க அதிலேயே போய்விடும். பிசிஐ சாதனத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நீங்கள் எழுதிய மதிப்பு வழியிலேயே தேங்கி, சாதனத்துக்குத் தாமதமாகப் போகலாம். எழுதியதும் அதே சாதனத்தில் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரை ஒரு முறை படித்துவிட்டால், எழுதியது போய்ச் சேர்ந்தது உறுதி.

உள்ளே தூங்கக் கூடாது. மியூடெக்ஸ் (கிடைக்கும் வரை தூங்க வைக்கும் பூட்டு) பிடிக்காதீர்கள். 'எம்ஸ்லீப்' கூடாது. 'காப்பி_டு_யூசர்' கூடாது. நினைவகம் வாங்கியே ஆக வேண்டுமென்றால் 'ஜிஎஃப்பி_அட்டாமிக்', அதுவும் கிடைக்காமல் போகலாம் என்று எதிர்பார்த்து எழுத வேண்டும். ஐ2சி, எஸ்பிஐ வழியாகப் பேசும் சென்சரின் ரெஜிஸ்டரைப் படிப்பதும் தூக்கத்தில் சேர்ந்ததுதான். இதைப் பலர் கவனிப்பதில்லை, அந்தப் பங்ஷனுக்குள் மியூடெக்ஸ் இருப்பது வெளியே தெரியாது.

பிரிண்ட் செய்வதையும் விட்டுவிடுங்கள். சீரியல் 115200 வேகத்தில் ஓடினால் விநாடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்குச் சுமார் 7 மில்லி விநாடி. மேலே சொன்ன சென்சரிலோ 4.4 மில்லி விநாடிக்கு ஒரு பல்ஸ். ஒரு வரி அச்சாகி முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

எண்ணிக்கைக்கு 64 பிட் அட்டாமிக் கவுண்டர் (கூட்டும்போது நடுவில் யாரும் குறுக்கிட முடியாதது) வையுங்கள். சாதாரண 32 பிட் கவுண்டர் விநாடிக்கு 225 வீதம் ஓடினால் 110 நாளில் மைனஸுக்குப் போய்விடும். மேஜையில் சோதிக்கும்போது தெரியவே தெரியாது, தொழிற்சாலையில் நாலாவது மாதம் வெடிக்கும்.

8. நீளமான வேலையை வெளியே தள்ளுவது

தூங்க வேண்டிய வேலை இருந்தால் 'ரெக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ'. இதில் இரண்டு ஹேண்ட்லர். முதலாவது உடனே ஓடி, 'ஐஆர்க்யூ_வேக்_த்ரெட்' என்று சொல்லும். இரண்டாவது தனி த்ரெடாக ஓடும், அதில் தாராளமாக மியூடெக்ஸ் பிடிக்கலாம், ஐ2சி பேசலாம். முதல் ஹேண்ட்லர் வேண்டாம் என்று காலியாக விட்டால் 'ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட்' கொடியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் மைனஸ் 22 கிடைக்கும். காரணம் நியாயமானது: த்ரெட் ஓடிச் சாதனத்தை அடக்கும் வரை அந்தக் கம்பியை மூடி வைக்க வேண்டுமே.

புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். டாஸ்க்லெட் என்று பழைய பாடங்களில் வருவதைப் புதுக் கோடில் எடுக்க வேண்டாம்.

9. லாக்

கவுண்டர் ஒன்று மட்டும் என்றால் அட்டாமிக் போதும். இரண்டு மூன்று மதிப்பு சேர்ந்து மாற வேண்டுமென்றால் ஸ்பின்லாக். ஹேண்ட்லருக்குள் சாதாரண 'ஸ்பின்_லாக்' போதும். வெளியே, அதாவது ரீட் பங்ஷன் போன்ற இடங்களில், கட்டாயம் 'ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ்'. வெளியே சாதாரண லாக் பிடித்திருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அந்த லாக்குக்காகச் சுற்றும். லாக்கை விட வேண்டியவனோ ஹேண்ட்லர் முடியும் வரை ஓட முடியாது. இருவரும் அப்படியே நிற்பார்கள். ஆயிரம் முறை நன்றாக ஓடி, ஆயிரத்தொன்றாவது முறை மாட்டும். 'ப்ரூவ் லாக்கிங்' ஆன் செய்திருந்தால் மாட்டுவதற்கு முன்பே எச்சரித்துவிடும், அதற்காகத்தான் கெர்னலைக் கட்டச் சொன்னேன்.

10. பகிர்ந்த இன்டரப்ட்

நாலு குடித்தனம் இருக்கும் வீட்டுக்கு வாசலில் ஒரே அழைப்பு மணி என்று வையுங்கள். மணி அடித்தால் நாலு பேரும் எட்டிப் பார்க்க வேண்டும், தன்னைத் தேடி வரவில்லை என்றால் உண்மையைச் சொல்லி உள்ளே போக வேண்டும். 'ஐஆர்க்யூஎஃப்_ஷேர்ட்' கொடுத்தால் இதுதான் ஒப்பந்தம். கடைசிப் பாயின்டர் காலியாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு சாதனத்துக்கும் வேறாக இருக்க வேண்டும். கழற்றும்போது யாருடையதைக் கழற்றுவது என்று கெர்னல் அதை வைத்துத்தான் அடையாளம் காணும்.

எதற்கும் 'ஹேண்டில்ட்' என்று பொய் சொல்லாதீர்கள். கடைசி 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்கவில்லை என்றால் 'நோபடி கேர்ட்' என்று எழுதிவிட்டு கெர்னல் அந்தக் கம்பியை மூடும். உங்கள் பொய் இந்தப் பாதுகாப்பைக் கெடுக்கும், பக்கத்து டிரைவரின் பிழை யாருக்கும் தெரியாமல் போகும்.

11. கழற்றுவது

ரொம்பக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். பதிந்த வரிசைக்கு நேர் எதிர் வரிசை. சாதனத்தில் இன்டரப்டை அணையுங்கள். 'ஃப்ரீ_ஐஆர்க்யூ' அழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை அது காத்திருக்கும், ஆகவே அதை ஹேண்ட்லருக்குள்ளிருந்து அழைக்கக் கூடாது. ஹேண்ட்லர் பிடிக்கும் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டும் அழைக்கக் கூடாது. அதற்குப் பிறகு 'கேன்சல்_ஒர்க்_சிங்க்'. கடைசியில் நினைவகம்.

ஒர்க்கை முதலில் ரத்து செய்துவிட்டுப் பிறகு இன்டரப்டைக் கழற்றினால், நடுவில் வரும் ஒரு இன்டரப்ட் ஒர்க்கை மறுபடி வரிசையில் போட்டுவிடும். மாட்யூல் போன பிறகு அது ஓடும்.

'டெவ்எம்' என்று தொடங்கும் பதிவு வசதி தானே கழற்றிக்கொள்கிறது, சுலபம். ஆனால் அது கழற்றுவது, சாதனம் போகும்போது கெர்னல் அழைக்கும் உங்கள் ரிமூவ் பங்ஷன் முடிந்த பிறகு. ரிமூவில் நீங்கள் கையால் நினைவகத்தை விடுவித்திருந்தால், இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கும், தொடும் இடம் இருக்காது. எல்லாவற்றையும் டெவ்எம் வழியில் வாங்குங்கள், அல்லது இன்டரப்டையும் கையாலேயே கழற்றுங்கள். பாதி பாதி வேண்டவே வேண்டாம்.

12. சோதிப்பது

ப்ராக் அடியில் 'இன்டரப்ட்ஸ்' என்ற கோப்பைத் திறந்தால் உங்கள் பெயரும், ஒவ்வொரு சிபியுவிலும் எத்தனை முறை வந்தது என்பதும் தெரியும். ஒரு வாளியில் சரியாக 10 லிட்டர் பிடியுங்கள். ஒய்எஃப்-எஸ்201 என்றால் 4,500-ஐ ஒட்டி ஏற வேண்டும். மலிவு சென்சர், சில சதவீதம் முன்பின் இருக்கும். ஆனால் இரண்டு மடங்கு ஏறியிருந்தால் இரண்டு விளிம்பிலும் எண்ணுகிறீர்கள். ஏறவே இல்லையென்றால் கம்பியைப் பாருங்கள், கோடை அல்ல.

பிறகு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்யூலை லோட், அன்லோட் என்று ஒரு ஸ்கிரிப்டில் இரவு முழுக்க ஓடவிடுங்கள். 6-ஆவது, 11-ஆவது படிகளில் உள்ள பிழைகள் இதில் மட்டும்தான் வெளியே வரும். க்யூஎமுவிலும் இதையே செய்யலாம்.

இதெல்லாம் தாண்டி தொழிற்சாலையில் கொண்டுபோய் வைத்ததும் எண்ணிக்கை எகிறினால் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டாம். தோல் பதனிடும் டிரம்மைச் சுற்றும் பெரிய மோட்டார் பக்கத்திலேயே உங்கள் சென்சர் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். மோட்டார் ஆன் ஆகும் நேரத்தையும் எண்ணிக்கை எகிறும் நேரத்தையும் ஒரு நாள் குறித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஷீல்டு போட்ட கேபிள், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது, போர்டு பக்கம் ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் என்று முதலில் கம்பியில் சரிசெய்யுங்கள். அதற்கும் அடங்காத மிச்சத்துக்கு மட்டும், முந்தைய பல்ஸின் நேரத்தைக் குறித்துவைத்து, 1 மில்லி விநாடிக்குள் வரும் அடுத்ததை ஹேண்ட்லரில் எண்ணாமல் விடுங்கள்.